தொடை எலும்பின் கழுத்து முறிந்தால்: திருகாணியா, செயற்கை மூட்டா?

முதியவர் ஒருவர் விழுந்து எழ முடியாமல் கிடக்கும்போது, பெரும்பாலும் உடைந்திருப்பது இடுப்புக்கூட்டு எலும்பு அல்ல, தொடை எலும்பின் மேல்முனை. முறிவு அதன் கழுத்தில் என்றால் மருத்துவர்கள் இரண்டு வழிகளைச் சொல்வார்கள்: உடைந்ததைத் திருகாணிகளால் பிணைப்பது, அல்லது தலையையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பது. குடும்பத்தினர் முதலில் செலவையும் வயதையும் கேட்கிறார்கள். ரத்த ஓட்டத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடுப்பெலும்பின் மூன்று பகுதிகள் கூடும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதில் அமர்கிறது. தலையையும் தண்டையும் இணைக்கும் கழுத்து, தண்டோடு ஏறத்தாழ 125 முதல் 130 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது. தலைக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கு தொடையிலிருந்து வருகிறது. கழுத்தின் பின்புறமாகச் சுற்றிவரும் தமனியின் நுண்கிளைகள், மூட்டைச் சுற்றி மூடியிருக்கும் மூட்டு உறைக்குள் எலும்பின் மேற்பரப்பை ஒட்டியபடியே மேலே ஏறுகின்றன. குழியின் அடியிலிருந்து தலைக்கு வரும் சிறு தசைநார் வழியாகவும் கொஞ்சம் ரத்தம் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அது போதாது. ஆகவே கழுத்து முறிந்து துண்டுகள் விலகினால் அந்த நுண்கிளைகள் கிழிந்துபோகலாம். போதாததற்கு, புது எலும்பை உருவாக்கும் மேலுறை கழுத்துப் பகுதியில் மிகக் குறைவு. கை, கால் எலும்புகள் கூடும் வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

திருகாணியின் பெரிய பலம், சொந்த மூட்டு மிஞ்சுவது. கீறல் சிறியது, ரத்த இழப்பு குறைவு, அறுவை சிகிச்சையும் விரைவில் முடியும். ஆனால் ரத்தம் கிடைக்காத தலை மெல்லச் செத்து நசுங்கலாம். இது மாதங்கள் கழித்து, சில சமயம் ஓரிரு ஆண்டுகள் கழித்துக்கூடத் தெரியவரும். அப்போது இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படும். எண்பது வயது உடலுக்கு அது சிறிய விஷயம் அல்ல.

செயற்கை மூட்டில் இந்தக் கவலை இல்லை. சாகக்கூடிய தலையே அங்கில்லை. பெரும்பாலும் மறுநாளே கால் ஊன்றலாம். பதிலுக்கு அறுவை பெரியது. மூட்டு நழுவுதல், தொற்று, காலப்போக்கில் தளர்தல் ஆகிய அபாயங்கள் உண்டு. இதிலும் பாதி மூட்டு, முழு மூட்டு என இரண்டு வகை. பாதி மூட்டில் தலை மட்டும் மாறும், குழியின் குருத்தெலும்பு பழையதே. 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று 50 வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்ட விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இயக்கத்தில் முழு மூட்டு சற்றே மேல். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கு முழு மூட்டு, வீட்டுக்குள் மட்டும் நடந்தவருக்குப் பாதி மூட்டு என்பது நியாயமான தேர்வு.

முறிவு விலகவில்லை என்றால் முதியவருக்கும் பெரும்பாலும் திருகாணியே போதும். நுண்கிளைகள் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. விலகியிருந்தால் அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டியவருக்கு நான் தயங்காமல் செயற்கை மூட்டின் பக்கம்தான் நிற்பேன். இளையவருக்கு விலகியிருந்தாலும் தலையைக் காப்பாற்ற முயல்வதே சரி. செயற்கை மூட்டு தேய்ந்து, வாழ்நாளில் மீண்டும் மாற்ற வேண்டிவரலாம்.

கழுத்துக்குக் கீழே, மூட்டு உறைக்கு வெளியே உடைந்திருந்தால் கதையே வேறு. அங்கே ரத்தம் தாராளம், எலும்பும் நன்றாகக் கூடும். தண்டுக்குள் செலுத்தும் கம்பியோ தகடும் திருகாணியுமோ வைப்பார்கள்; மூட்டு மாற்றுவது அரிது.

எனவே எக்ஸ்ரேயைக் காட்டி மருத்துவர் பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: முறிவு உறைக்கு உள்ளேயா, வெளியேயா? துண்டுகள் விலகியிருக்கின்றனவா? எந்த வழியானாலும், உடல்நிலை இடம் கொடுத்தால் ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்துவிட வேண்டும். படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டும் வரும் ஆபத்து நாளுக்கு நாள் கூடும்.