எம்.ஃபார்ம் பிராக்டிஸ் சேருவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருதடவை நேரில் போய்ப் பாருங்கள்

பி.ஃபார்ம் முடித்துவிட்டு எம்.ஃபார்மில் ஃபார்மசி பிராக்டிஸ் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அட்மிஷன் நேரம் என்பதால் தள்ளிப்போட மனசு வரவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் கல்லூரியின் பெயரைப் போடவில்லை.

2022இல் எம்.ஃபார்முக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜிபேட்டில் தேர்ச்சி பெற்றேன். அதில் தேறினால் மாத உதவித்தொகையும் உண்டு. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கவில்லை. அப்பாவும் நானும் ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். அட்மிஷன் அலுவலகத்தில் இருந்தவர் அப்பாவிடம், "கவலையே படாதீங்க சார். 500 பெட் ஆஸ்பத்திரியோட டை-அப் இருக்கு. பாப்பா தினமும் டாக்டரோட ரவுண்ட்ஸ் போகும். ஜிபேட் பணம் மாசம் 12,400 வந்துரும், ஃபீஸ் அதுலயே ஓடிரும்" என்றார். அப்பா கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினார். கல்விக் கட்டணம் போக, மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம் என்று தனியாக 40,000 ரூபாய். பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை என் ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபார்மசியின் மற்ற பிரிவுகளுக்கு லேப் எப்படியோ, பிராக்டிஸுக்கு வார்டு அப்படி. பிசிஐ (இந்திய ஃபார்மசி கவுன்சில்) பாடத்திட்டத்தில் முதல் இரண்டு செமஸ்டரிலும் வாரம் 12 மணி நேரம் செய்முறை. ரவுண்ட்ஸில் டாக்டர்களோடு நிற்பது, கேஸ் ஷீட்டில் மருந்துகளைச் சரிபார்ப்பது, நோயாளியிடம் உட்கார்ந்து பழைய மருந்து விவரம் கேட்பது, மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தருவது எல்லாம் அதற்குள் வரும். வேறு கல்லூரியில் சேர்ந்த என் தோழி இரண்டாம் மாதமே போன் பண்ணினாள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒரு தாத்தாவுக்குப் பல் வலிக்காக மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்களாம். இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக் கசிவு வரலாம். இவள் கவனித்து டியூட்டி டாக்டரிடம் சொல்ல, அவர் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்க்கச் சொல்லி மருந்தையும் மாற்றினாராம். "என்னாலயும் ஒண்ணு செய்ய முடிஞ்சுதுடி" என்று சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. இதற்காகத்தான் நானும் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

எனக்கு நடந்தது வேறு. வாரம் ஒருநாள் கல்லூரி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போவோம். வார்டுக்குள் விடமாட்டார்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களின் பழைய ஃபைல்களைக் கொடுத்து, பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளியின் முகத்தை முதல் வருடம் முழுக்க நான் பார்க்கவில்லை. துறைத் தலைவர் என்று போர்டில் பெயர் இருந்தவரை இன்ஸ்பெக்‌ஷன் நடந்த அன்று மட்டும் பார்த்தேன்.

அந்த 12,400 ரூபாயும் வரவில்லை. 2020 மார்ச்சில், ஃபார்மசி கல்வியில் பிசிஐக்குத்தான் அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) ஒப்புதல் இல்லாமலேயே ஒரு ஃபார்மசி கல்லூரி முறைப்படி நடக்கலாம். ஆனால் ஜிபேட் உதவித்தொகையை அப்போது கொடுத்தது ஏஐசிடிஇ. தன் ஒப்புதல் உள்ள கல்லூரி மாணவர்களுக்குத்தான் கொடுத்தது. அதன் போர்ட்டலில் என் கல்லூரியின் பெயரே இல்லை. 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 2,97,600 ரூபாய். அலுவலகத்தில் கேட்டபோது, "அது உங்களுக்கும் ஏஐசிடிஇக்கும் உள்ள விஷயம்மா" என்றார்கள். டிகிரி செல்லும், உதவித்தொகை கிடையாது. இப்படி ஒரு நிலை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. பணம் கட்டுவதற்கு முன்பே பிசிஐ, ஏஐசிடிஇ இரண்டின் பட்டியலையும் பாருங்கள். பிசிஐ பட்டியலில் எம்.ஃபார்ம் என்று இருந்தால் போதாது, பிராக்டிஸ் பிரிவுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வருடத்துக்கான ஏஐசிடிஇ ஒப்புதலைத் தனியாகப் பாருங்கள்.

மூன்றாவது செமஸ்டரில் தீசிஸ் வேலைக்காக நானே தனியாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சிங் சூப்பரின்டெண்ட் அம்மா என் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க காலேஜோட ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சுபோச்சேம்மா, யாரும் சொல்லலையா?" என்றார். இரண்டாம் வருடத்துக்கும் அந்த 40,000 ரூபாயைக் கட்டிவிட்டுத்தான் அவர் முன்னால் நின்றிருந்தேன்.

கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "120 கேஸ் ஃபார்ம் பிரின்ட் எடு. வயசு, சுகர், மருந்து எல்லாம் நீயே ஃபில் பண்ணு. முந்தின பேட்ச் தீசிஸ் லைப்ரரியில இருக்கு, அதை வச்சுக்கோ. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதப்படும் மருந்துகளைப் பற்றிய ஆய்வு அது. இல்லாத 120 பேருக்கு நான் சர்க்கரை அளவு எழுத வேண்டும். அது ஒரு ஜர்னலில் கட்டுரையாக வரும். எங்கோ ஒருவர் அதை நம்பி மேற்கோள் காட்டுவார். மருந்தில் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் படிப்பின் வேலையே. அந்தப் படிப்பின் பெயரால் இதைச் செய்யச் சொன்னார்கள்.

நான் நிரப்பவில்லை. தெரிந்த அக்கா ஒருவர் மூலமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டேன். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலை முதலிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் தாமதமாகி, என் பேட்ச் முடித்த பிறகுதான் தீசிஸ் கொடுத்தேன். 46 நோயாளிகள்தான். ஆனால் 46 பேரிடமும் நான் பேசியிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில்தான் உண்மையில் படித்தேன்.

சேரப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். டை-அப் என்று சொன்னால் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம். ஒரு வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த ஆஸ்பத்திரி மெடிக்கல் வார்டு வாசலில் போய் நின்று, "ஃபார்மசி பிள்ளைங்க ரவுண்ட்ஸுக்கு வருவாங்களா சிஸ்டர்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் சொல்ல மாட்டேன் என்கிற உண்மை அங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லேயே அறிவித்திருக்கிறது.

என் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டபோது, பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் வேண்டும், கூடுதல் ஆறு மாதத்துக்கும் பயிற்சிக் கட்டணம் கட்டு என்றார்கள். அந்த யுஜிசி அறிவிப்பை பிரின்ட் எடுத்து, கடிதத்தோடு இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினோராம் நாள் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. கட்டிய 80,000 ரூபாயைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் பிசிஐக்கும் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம் என்று அச்சடித்து, சீல் வைத்துக் கொடுத்த ரசீதுகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இரண்டாவது ரசீதின் தேதி, ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதத்துக்குப் பிந்தையது.