அபர்டீன் சாம்பான் சவாரி: ஒரு வாவிப் படகுக்காரனின் கணக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிப் படகுச் சவாரி விடுகிறவன் நான். அடுத்தவன் படகில் ஏறினால் என் கண் முதலில் லைஃப் ஜாக்கெட்டுக்கும் எஞ்சினுக்கும்தான் போகும், காட்சி எல்லாம் பிறகுதான். ஹொங்கொங்கில் வேலை செய்யும் அக்கா மகனிடம் போனபோது, "மாமா, டிஸ்னிலாண்ட் உங்களுக்குச் சரிவராது" என்று அபர்டீனுக்குக் கூட்டிப்போனான். பிள்ளை என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறான்.

அபர்டீன், ஹொங்கொங் தீவின் தென்கரை. எதிரே அப்லெய்சாவ் என்ற சின்னத் தீவு கடலை மறித்துக் கிடக்கிறது. இடையில் உள்ள ஒடுங்கிய நீரில்தான் புயல் காலத்தில் படகுகள் ஒதுங்கும். 78ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட நம்மவர்களுக்கு அப்படி ஓர் ஒதுக்கிடத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை. படகிலேயே பிறந்து, படகிலேயே கலியாணம் கட்டி, படகிலேயே கிழடான மீனவர் சமூகம் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. நம்மிடம் கரையில் மீன்வாடி உண்டு, தோணி உண்டு. ஆனால் தோணியில் அடுப்பு மூட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள் இல்லை. எனக்கு ஆசை வந்தது அதனால்தான்.

சரி, சவாரி. கரையோர நடைபாதையில் நடந்தால், சாம்பான் என்ற சின்ன மரப் படகு ஓட்டும் பெண்கள் கைகாட்டிக் கூப்பிடுவார்கள். அரை மணிநேரத்துக்கு ஆளுக்கு நூறு ஹொங்கொங் டொலருக்குச் சற்று மேல் கேட்டார்கள், நம் காசில் நாலாயிரத்தைத் தாண்டும். மருமகன் பேரம் பேசிப் பார்த்தான், ஒரு டொலரும் இறங்கவில்லை. படகு நல்ல படகு. மரப் பலகை, மேலே தார்ப்பாய்க் கூரை, இரு பக்கமும் பழைய டயர்கள், பின்னால் டீசல் எஞ்சின். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குக் கீழே திணித்து வைத்திருந்தார்கள், போடச் சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கிப் போட்டேன். என் படகில் யாராவது இப்படி விட்டால் அன்றைக்கே சண்டைதான்.

ஓட்டிய அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு பெரிய மீன்பிடிக் கப்பல்களுக்கு நடுவே, ஒரு முழம் இடைவெளியில், பின்பக்கமாகவே படகை எடுத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு வித்தைக்கே பாதிக் காசு கொடுக்கலாம். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஆங்கிலக் குரல் ஒன்றுதான் விடாமல் பேசிக்கொண்டு வந்தது. அந்த நீரிலேயே வாழ்ந்த மனுசி பக்கத்தில் நிற்க, எவனோ அறைக்குள் இருந்து வாசித்ததைக் கேட்க வேண்டியிருந்தது. மருமகனுக்குக் கன்டனீஸ் கொஞ்சம் தெரியும். அவன் கேட்டுத்தான் அவர் படகில் பிறந்தவர் என்றும், இப்போது அடுக்குமாடியில் இருக்கிறார் என்றும் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டதும் இதுதான்: "மறுகா, அந்தச் சனம் எங்ககா போனது?" பெரும்பாலும் கரைக்குத்தான், அண்ணன். அரசாங்கம் கட்டிய மாடிவீடுகளுக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அதன் பிறகு வலைக்குத் திரும்பவில்லை. ஹொங்கொங் கடலில் இழுவை வலைக்கு 2012 டிசம்பர் 31 முதல் தடை. இழுவைக்காரரில் மிஞ்சியவர்கள் தூரத்துக் கடலுக்குப் போகிறார்கள். பூச்சட்டியும் நாயும் துணிக்கொடியுமாக இருந்த சில வீட்டுப் படகுகளைக் கண்டேன். அவ்வளவுதான். படகுக் கிராமத்தைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் ஏமாறுவார்கள். வேலை செய்யும் துறைமுகத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நிறைய இருக்கிறது: ஐஸ் ஏற்றுகிறார்கள், வலை பொத்துகிறார்கள், மேல்தட்டில் கருவாடு காய்கிறது.

பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும் ஜம்போ மிதக்கும் உணவகத்தைத் தேடாதீர்கள். 1976இல் திறந்தது, 2020 மார்ச்சில் மூடினார்கள், 2022 ஜூனில் இழுத்துக்கொண்டு போகும் வழியில் தென்சீனக் கடலில் கவிழ்ந்துவிட்டது.

கையில் காசு குறைவென்றால் சாம்பானை விட்டுவிட்டு, அபர்டீனுக்கும் அப்லெய்சாவுக்கும் இடையே ஓடும் கைட்டோ என்ற சின்னப் பயணிகள் படகில் ஏறுங்கள். சில டொலர்தான். வேலைக்குப் போகிறவர்கள், மரக்கறிப் பையோடு கிழவிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊர்ச்சனம் போகும் படகு. பாலம் வருவதற்கு முன் கல்லடியில் தோணித்துறை இருந்த கதையை என் அப்பப்பா சொல்வார், அது ஞாபகம் வந்தது. இந்தச் சவாரிக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி கொடுப்பேன். ரயிலில் வருகிறவர்கள் லெய்துங் நிலையத்தில் இறங்கினால் அப்லெய்சாவ் பக்கம், அங்கிருந்து கைட்டோவில் இக்கரை வரலாம். அந்த ரயில் பாதை 2016 கடைசியில்தான் வந்தது.

அப்லெய்சாவில் மீனவர்கள் கும்பிடும் ஹுங் ஷிங் கோயில் இருக்கிறது. 1773இல் கட்டியது, அப்போது நம் மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். உள்ளே சாம்பிராணிப் புகை, வெளியே தாயம் போல ஏதோ விளையாடும் கிழவர்கள். அதிக நேரம் நிற்கவில்லை, பசி.

சாப்பாடுதான் அந்தப் பயணத்தின் உச்சம். அப்லெய்சாவ் சந்தையில் கீழ்மாடியில் உயிர் மீன் வாங்கி, மேல்மாடிச் சாப்பாட்டுக்கடையில் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துத் தருவார்கள். இறாலும் ஒரு கொடுவாவும் வாங்கினோம். தொட்டியில் நீந்திய கொடுவா கால்மணி நேரத்தில் இஞ்சியும் வெங்காயத் தாளும் போட்டு அவித்து வந்தது. தூளும் இல்லை, புளியும் இல்லை. முதல் வாய் வைக்கத் தயங்கினேன், அப்புறம் முள் மட்டும்தான் மிஞ்சியது. நம் ஓட்டல்களும் மீனை இந்த அளவுக்கு நம்பலாம். ஆனால் இறாலுக்கு மிளகாய் கேட்டபோது வந்த இனிப்பு சோஸை மன்னிக்க முடியாது. போகிறவர்கள் பையில் கொஞ்சம் இடித்த மிளகாய் கொண்டுபோங்கள்.

மே தொடக்கம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தென்சீனக் கடலில் மீன்பிடித் தடை. படகுகள் எல்லாம் துறைக்குள் வந்து நெருக்கிக் கிடப்பது அப்போதுதான். வெயில் கொளுத்தும், மழையும் வரும், ஆனாலும் போவதென்றால் அந்த மாதங்களில் போங்கள்.