மசகான் டாக்கா, கொச்சித் தளமா: மும்பையிலிருந்து ஓர் ஒப்பீடு

செம்பூரில் இருக்கும் என் அக்கா மகன் இயந்திரவியல் டிப்ளமோவை முடித்த கையோடு வீட்டுக்கு வந்து, "மாமா, பயிற்சிக்கு மசகான் டாக்குக்கு எழுதிப் போடட்டுமா, இல்லை கொச்சிக்கே போய்விடட்டுமா?" என்று கேட்டான். அவன் அப்பா, என் அத்தான், வாயிலும் அதே இரண்டு கப்பல் கட்டும் தளங்களின் பெயர்கள்தான் அடிபடுகின்றன. ஆனால் அவருக்கு அவை பங்குச்சந்தைப் பெயர்கள். 2017 ஆகஸ்டில் கொச்சித் தளத்தின் பங்கு 432 ரூபாய்க்கு வெளியிடப்பட்டதும், 2020 அக்டோபரில் 145 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட மசகான் பங்குக்கு 157 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்ததும் அவருக்கு மனப்பாடம். எந்தத் தளம் எதைக் கட்டக் கற்றது, ஏன் அதை மட்டும் கற்றது என்பதை அந்த எண்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பையன் தன் இருபது வயதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

மசகான் டாக்கைப் பார்க்க நல்ல இடம் மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறை. அங்கிருந்து எதிர்க்கரை மோராவுக்குச் செல்லும் லாஞ்சில் ஏறினால், கட்டி முடியாத போர்க்கப்பல்களைத் தண்ணீரிலிருந்தே காணலாம். கடந்த முறை நான் சென்றபோது, சாம்பல் வண்ணம் பூசிய ஒரு கப்பலின் விலாவில் திறந்திருந்த வாயில் வழியாகக் காற்றோட்டக் குழாய் ஒன்றும், ஆள் தொடை கனத்தில் மின்கேபிள் கட்டுகளும் உள்ளே நுழைந்திருந்தன. மேலே சாரம் கட்டியிருந்தது. எங்கோ ஒரு மூலையில் வெல்டிங் பொறி விட்டுவிட்டுத் தெறித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும் அந்தக் கப்பலில் உண்மையான வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. மசகானின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த உள்வேலையின் வரலாறுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1774-இல் மஜ்காவில் கட்டப்பட்ட ஒரு சிறிய உலர்துறையே (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலின் அடியைப் பழுதுபார்க்கும் துறை) இதன் தொடக்கம். வாடியா குடும்பத்தார் தேக்கில் கப்பல் கட்டிய பம்பாய் டாக்யார்டு வேறு, இது வேறு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மும்பைத் தமிழர்களிலேயே பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1817-இல் மலபார்த் தேக்கில் உருவாகி, திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல் அந்த டாக்யார்டில் பிறந்தது. மசகான் 1934-இல் தனியார் நிறுவனமாகப் பதிவாகி, பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகளின் கையிலிருந்து 1960-இல் இந்திய அரசின் கைக்கு வந்தது. அதுவரை அதன் முதன்மையான பிழைப்பு பழுதுபார்ப்பு. 1968 அக்டோபரில் இந்திரா காந்தி நீரில் இறக்கிவைத்து, 1972-இல் கடற்படையில் சேர்ந்த நீல்கிரிதான் இந்தியாவில் கட்டப்பட்ட முதல் பெரிய நவீனப் போர்க்கப்பல். வரைபடம் பிரிட்டனுடையது, ஆனால் அதே வகையில் ஆறு கப்பல்களை அடுத்தடுத்துக் கட்டிய பழக்கமே பின்னர் கோதாவரி, தில்லி, கொல்கத்தா என்று சொந்த வடிவமைப்புகளுக்கு மாறும் துணிவைத் தந்தது.

இந்தத் தளத்தின் குணத்தை வகுத்தது நிலமும் ஓதமும், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதும், என்று நான் கருதுகிறேன். நகரம் நாலாபுறமும் நெருக்கும் இடத்தில் பெரிய கட்டுதுறை தோண்ட வழியில்லை. எனவே கப்பல்கள் சாய்தளத்தில் கட்டப்பட்டு நீரில் வழுக்கி இறக்கப்பட்டன. மும்பைத் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வேறுபாடு இருக்கும். அந்த ஏற்றத்தின் உச்சத்தைக் கணக்கிட்டு நாள் குறிக்க வேண்டும். கப்பலின் எடையும் அளவுக்குள் இருக்க வேண்டும். இதனால் கப்பலை இலகுவான கூடாக இறக்கிவிட்டு, எஞ்சின், குழாய், கேபிள், ஆயுதம் ஆகிய அனைத்தையும் மிதக்கும் நிலையில் உள்ளே புகுத்தும் முறை நெடுங்காலம் நீடித்தது. இரண்டு பேர் நிற்க இடமில்லாத அறையில் ஐந்து பிரிவினர் முறைபோட்டு வேலை செய்தால் ஆண்டுகள் ஓடத்தானே செய்யும்? கொல்கத்தா கப்பலுக்கு 2003-இல் அடித்தண்டு வைத்துக் கட்டத் தொடங்கினார்கள், 2006-இல் இறக்கினார்கள், கடற்படையில் அது சேர்ந்தது 2014 ஆகஸ்டில். பதினோரு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் நீரில் மிதந்தபடியே கழிந்தன. ஆயுதங்களும் கருவிகளும் தாமதமாக வந்தது பெரிய காரணம் என்றாலும், கட்டும் முறைக்கும் அதில் பங்குண்டு.

அந்த முறையைத் தளம் பின்னர் மாற்றிக்கொண்டது. 300 டன் தூக்கும் கோலியாத் கிரேனும், கூரையுள்ள பெரிய பட்டறையும், கப்பலை மிதக்கவிட்டு வேலை செய்யும் புதிய நீர்த்தொட்டியும் வந்த பிறகு, கப்பலைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் குழாயையும் கேபிள் தாங்கிகளையும் முன்கூட்டியே பொருத்தி, பிறகு இணைக்க முடிந்தது. சூரத் கப்பலின் உடற்பகுதிகள் இரண்டு வேறு ஊர்களில் செய்யப்பட்டு மசகானில் ஒன்றுசேர்க்கப்பட்டன. 2022 மே மாதம் இறக்கப்பட்ட அது 31 மாதங்களில் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் சூரத், புதிய நீல்கிரி, வாக்‌ஷீர் நீர்மூழ்கி ஆகிய மூன்றும் ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தபோது, மூன்றுமே இந்த ஒரே தளத்தின் பிள்ளைகள். எனக்கு அன்று உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

ஆனால் நீர்மூழ்கிகளின் கதையில் ஒரு பெரிய காயம் இருக்கிறது. 1981-இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இரண்டு நீர்மூழ்கிகள் கீல் நகரிலும், ஷல்கி, ஷங்குல் ஆகிய இரண்டு மசகானிலும் கட்டப்பட்டன. ஷல்கி 1992-இல் சேர்ந்தது; ஷங்குல் 1994-இல். தரகுப் பணம் பற்றிய புகார்கள் எழுந்ததில் அடுத்தடுத்த ஆர்டர்கள் நின்றுபோயின. நீர்மூழ்கியின் அழுத்த உடல் என்பது தடித்த சிறப்பு எஃகு வளையங்களை மயிரிழை பிசகாமல் பற்றவைத்துச் செய்யும் உருளை. ஆழத்தில் கடல் முழுவதும் அதை நசுக்கப் பார்க்கும். ஒவ்வொரு பற்றுவாயையும் கதிர்ப்படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். அத்தகைய வேலையைக் கற்ற வெல்டருக்குப் பத்து ஆண்டுகள் வேலை இல்லையென்றால் அந்தக் கை எங்கே நிற்கும்? 2005 அக்டோபரில் பிரான்ஸின் ஸ்கார்ப்பீன் வகை நீர்மூழ்கிகளுக்கான ஒப்பந்தம் வந்தபோது ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதல் கப்பலான கல்வாரி 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. ஷங்குலுக்கும் கல்வாரிக்கும் இடையே 23 ஆண்டுகள். வாடிக்கையாளர் ஒருவரே என்றால், அவர் தயங்கும் நாளில் தளமே கைகட்டி நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஓ.என்.ஜி.சி.க்காக எண்ணெய்க் கிணற்றுத் தளங்கள் கட்டியதும், அண்மையில் டென்மார்க் நிறுவனம் ஒன்றிடம் சரக்குக் கப்பல் ஆர்டர் பெற்றதும் உண்மையே; ஆயினும் சோறு போடுவது கடற்படைதான்.

கொச்சித் தளம் வேறு மண்ணில் முளைத்தது. அது பழைய பட்டறையிலிருந்து வளர்ந்ததன்று. காகிதத்தில் வரைந்து கட்டப்பட்டது. 1972-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தளத்துக்கு ஜப்பானின் மித்சுபிஷி தொழில்நுட்பம் தந்தது. நோக்கம் போர்க்கப்பல் அன்று, பெரிய சரக்குக் கப்பல். சாய்தளத்துக்குப் பதிலாக 255 மீட்டர் நீளமும் 43 மீட்டர் அகலமும் உள்ள கட்டுதுறை அமைத்தார்கள். கப்பலைத் துறையின் தரையிலேயே கட்டிவிட்டு, தண்ணீரை உள்ளே விட்டால் கப்பல் தானாக மிதந்து எழும். கொச்சியின் ஓதம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் மும்பையைப் போல நிலாவைப் பார்த்து நாள் குறிக்கும் கட்டாயமும் குறைவு. எடையோடும் நிறைவோடும் கப்பலை வெளியே கொண்டுவரும் இந்த வசதி, மசகானுக்கு அரை நூற்றாண்டு கிடைக்காத ஒன்று.

வசதி இருந்தும் தொடக்கம் தடுமாற்றம்தான். 75,000 டன் சரக்கேற்றும் ராணி பத்மினிக்கு 1976-இல் அடித்தண்டு வைத்து, 1981-இல்தான் ஒப்படைத்தார்கள். அந்தக் காலத்து ஜப்பானியத் தளங்கள் மாதக்கணக்கில் முடித்த வேலை அது. கொச்சியைத் தாங்கி நிறுத்தியது பழுதுபார்ப்பு. சரக்குக் கப்பல் ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுகளுக்குள் இருமுறை அடிப்பகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது பொதுவான விதி. கப்பல் சந்தை விழுந்தாலும் இந்தச் சோதனை நிற்காது. 270 மீட்டர் நீளமுள்ள பழுதுதுறையை வைத்துக்கொண்டு கொச்சி இந்த வருமானத்தைப் பிடித்துக்கொண்டது. விமானந்தாங்கிக் கப்பலான விராட் தன் பழுதுகளுக்குச் சென்றதும் அங்கேதான்.

கொச்சி கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைப் பற்றி எல்லோரும் அறிவார்கள்; எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். 262 மீட்டர் நீளம், 2,200-க்கும் மேற்பட்ட அறைகள். 2009-இல் தொடங்கி, 2013-இல் இறக்கி, 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்தது. அதற்கான சிறப்பு எஃகு வெளிநாட்டிலிருந்து வராதபோது உள்நாட்டிலேயே உருவாக்கி, அரசு எஃகு நிறுவனமான செயில் வழங்கியது. அந்த எஃகுதான் பிறகு மற்ற போர்க்கப்பல்களுக்கும் பயன்பட்டது. ஆகவே கொச்சி பட்ட பாட்டின் பலனில் மசகானுக்கும் பங்குண்டு.

எனக்குக் கொச்சியிடம் மிகவும் பிடித்தது விக்ராந்த் அன்று, அதற்கு நேர்மாறான சிறிய கப்பல்கள். நார்வேயின் ஆஸ்கோ நிறுவனத்துக்காக 67 மீட்டர் நீளமுள்ள இரண்டு மின்சாரப் படகுகளை, ஆளின்றி இயங்கும் நிலைக்குத் தயாராகக் கட்டி அனுப்பினார்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் மின்படகுகளும் அவர்களுடையவை. விலைக்கும் நாளுக்கும் அபராத விதிக்கும் கட்டுப்பட்டு, அந்நிய வாடிக்கையாளரிடம் பேரம் பேசிக் கப்பலை விற்பது கடற்படைக்குக் கட்டுவதைவிட வேறுவிதமான கடுமை கொண்டது. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 310 மீட்டர் நீளமுள்ள புதிய துறையும் 600 டன் கிரேனும் அந்தப் பாதைக்கான முதலீடு. இன்னொன்றும் உண்டு; மும்பைத் துறைமுகத்தின் ஹியூஸ் உலர்துறையில் பழுதுபார்ப்பை நடத்துவது கொச்சித் தளமே. மசகானின் வாசலிலிருந்து சிறிது தூரத்தில் போட்டியாளர் கடை விரித்திருக்கிறார்.

இரண்டையும் தராசில் வைத்தால், கைத்திறனின் ஆழத்தில் மசகான் முன்னால் நிற்கிறது. நாசகாரிப் போர்க்கப்பலையும் டீசல்-மின்சார நீர்மூழ்கியையும் கட்டும் தளம் இந்நாட்டில் வேறில்லை. ஆனால் ஒரு நிறுவனமாக நெடுநாள் நிலைத்திருக்கும் வாய்ப்பு கொச்சிக்கே அதிகம் என்பது என் கணிப்பு. கட்டுதல், பழுதுபார்ப்பு, ஏற்றுமதி என மூன்று கால்களில் நிற்பது ஒரு காலில் நிற்பதைவிட உறுதியானது. 2024-இல் மசகானுக்குக் கிடைத்த நவரத்னா தகுதி முதலீட்டு முடிவுகளை விரைவாக்கும். வாடிக்கையாளரைப் பெருக்கித் தராது.

அக்கா மகனிடம் நான் பிரித்துச் சொன்னது இதுதான். பற்றவைப்பிலும் குழாய் வேலையிலும் கை தேர வேண்டும் என்றால் மசகான். அங்கே ஒரே அறையில் எத்தனை வேலைகள் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை வேறெங்கும் அப்படிக் கற்க முடியாது. இருபது ஆண்டுகள் ஓடித் துருவேறிய எஞ்சினைத் திறந்து பார்த்துக் கற்க வேண்டும், பிறகு கடலோடவும் ஆசை என்றால் கொச்சி. இயந்திரவியல் படித்தவனுக்கு இரண்டாவதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் அம்மாவுக்குப் பிள்ளை வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்று ஆசை. செம்பூரில் ஏறினால் ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு நேர் வண்டி. வரும் ஞாயிறு இருவரையும் மோரா லாஞ்சில் அழைத்துச் செல்கிறேன். ஓதம் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் புறப்பட வேண்டும்.