காலையில் மட்டும் உதறும் எஞ்சின்: ஈப்போவா, ஊர்ப் பட்டறையா, கையில் ஒரு ஸ்கேனரா?

மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே உள்ள சுங்கை சிப்புட்டில் விடியற்காலை வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. இரவெல்லாம் நின்ற காரின் எஞ்சினும் அந்த அளவுக்குத்தான் ஆறியிருக்கும். எனவே எண்ணெய் கெட்டியாகிவிட்டது, பேட்டரி விறைத்துவிட்டது என்று குளிர்நாட்டு வீடியோக்கள் சொல்லும் காரணங்கள் நமக்கு உதவா. இந்த இதமான காலையிலேயே ஒரு கார் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) கிளம்பும் நேரத்தில் உதறி, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது.

எல்லாச் சத்தமும் பழுதல்ல. புகைக்குழாயில் நச்சுவாயுவைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைச் சூடாக்குவதற்காக, பெட்ரோல் எஞ்சின்கள் முதல் நிமிடத்தில் 1,200 முதல் 1,500 சுற்று வரை வேண்டுமென்றே வேகமாக ஓடும். ஒலியும் சற்றுக் கரகரக்கும். பிறகு சுற்று வேகம் காட்டும் முள் 700, 800க்கு இறங்கி நிற்கும். இது இயல்பு. முள் ஏறி இறங்கினால், கியர் போட்டதும் எஞ்சின் நின்றுபோனால், அதுதான் கோளாறு. முள் அசையாமல் நிற்க, ஸ்டியரிங் மட்டும் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை முதலில் பாருங்கள். ஏர்கானை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் நல்லது. கம்ப்ரசரின் சுமை விலகியதும் உதறல் குறைகிறதா என்பது தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பழுதின் ஆயுளே இரண்டு நிமிடம்தான். ஸ்டார்ட் ஆன உடனே எஞ்சின் கணினி, குளிர்நீர் (எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் நீர்) வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றையும் வைத்துப் பெட்ரோல் அளவைக் கணக்கிட்டே ஊற்றுகிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சூடேறி வேலைக்கு வந்த பிறகுதான் தன் கணக்கு சரியா என்று பார்த்துத் திருத்திக்கொள்கிறது. சிறிய காற்றுக்கசிவு இருந்தாலும் அதன்பின் பெட்ரோலைக் கூட்டிக் குறையை மறைத்துவிடும். காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டும் ரப்பர் குழாய்களும் சூட்டில் விரிந்து ஓட்டையைத் தாமே அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: அந்த இரண்டு நிமிடத்தை யார் பார்க்கப்போகிறார்?

ஈப்போவில் உள்ள நிறுவனச் சேவை மையம் அதைப் பார்ப்பதில்லை. இங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். போய்ச் சேரும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும். காய்ச்சல் விட்ட பிறகு மருத்துவரைப் பார்க்கப் போவது போலத்தான். ஆனால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால் கதை மாறும். பழுதுக் குறியீடு பதிவாகும்போது அந்த நொடியின் குளிர்நீர் வெப்பம், சுற்று வேகம் போன்றவற்றையும் கணினி சேர்த்து வைத்துக்கொள்கிறது. எந்த சிலிண்டர் எத்தனை முறை எரியத் தவறியது என்பதையும் நிறுவனத்தின் சொந்தக் கருவி பெரும்பாலும் காட்டிவிடும். புகை செலுத்திக் கசிவு கண்டுபிடிக்கும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. விளக்கு எரியாத காரை அங்கே கொண்டுபோனால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ரசீதுதான்.

ஊர்ப் பட்டறையில் வேறு விதமான சிக்கல். "அண்ணே, காலையில் மட்டும் உதறுகிறது" என்றால், "இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி, த்ரோட்டில் பாடியைச் சுத்தம் செய்துவிடலாம், பிளக்கையும் மாற்றிவிடலாம்" என்று பதில் வரும். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. தோட்ட வாழ்க்கைக்கு அது பொருத்தமான ஊகம். லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து கடைத்தெருவுக்குச் சிறிது தூரம் என்று ஓடும் கார் முழுச் சூட்டை எட்டுவதே அரிது. கார்பன் படியும், பிளக் கருக்கும், செம்மண் சாலைத் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும். சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். இரிடியம் 100,000 வரை தாங்கும். வைத்திருப்பது எதுவென்று தெரியாமல் மாற்றுவது வீண் செலவு. காற்றை அளவோடு உள்ளே விடும் மின்னணு த்ரோட்டிலைத் துடைத்த பிறகு ஐடில் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) அளவைக் கணினிக்கு மறுபடி பழக்காவிட்டால் புதிய உதறல் தொடங்கும். பலர் இதைச் செய்யாமலே காரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் கேபிளும் உள்ள பழைய வீரா, கஞ்சில் போன்ற கார்களுக்கு மட்டும் ஊர்ப் பட்டறையை யாரும் வெல்ல முடியாது. மழை பெய்த மறுநாள் காலையில்தான் உதறுகிறது என்றால் கேபிளில் ஈரம் வழியாக மின்சாரம் கசிகிறது. இருட்டியபின் எஞ்சினை ஓடவிட்டு, கேபிளைத் தொடாமல் தெளிப்பானால் லேசாக நீர்த்துளி பாய்ச்சினால் நீலப் பொறிகள் கண்ணுக்கே தெரியும். ஸ்கேனருக்கு இந்த வித்தை வராது.

மூன்றாவது வழி, காரின் கணினியைப் படித்துக் கைப்பேசியில் காட்டும், சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர். பழைய உள்நாட்டு மாடல்கள் சிலவற்றோடு அது பேசாது. பேசினால், எனக்கு அதுதான் முதல் தேர்வு. காரணம் எளிது: விடியற்காலையில் காரின் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிக் குளிர்நீர் வெப்பத்தையும் உள்காற்று வெப்பத்தையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற காரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 25 என்றும் குளிர்நீர் 60 என்றும் காட்டினால் வேறு எங்கும் தேட வேண்டாம். சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நம்பிக் கணினி பெட்ரோலைக் குறைத்து ஊற்றுகிறது.

அடுத்து எரிபொருள் திருத்த விகிதம், அதாவது கணினி தன் கணக்குக்கு மேல் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. சூடான பிறகு ஐடிலில் 20 சதவீதம் கூட்டியும், 2,500 சுற்றில் 10க்குக் கீழும் நின்றால் காற்றுக்கசிவு என்று பெரும்பாலும் நம்பலாம். நம் பக்கத்தில் அந்த ஓட்டைக்கு எலிகள் காரணமாவதுண்டு. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்குக் கூடுப் பெட்டி வைக்கிறார்கள். பானெட்டுக்குள் படுத்து வேக்குவம் குழாயைக் கடிக்கும் எலிக்குக் கூகை என்ன செய்யும்?

பி0301 என்ற குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் எரியத் தவறுகிறது என்று பொருள். உடனே காயில் (பிளக்குக்கு உயர் மின்சாரம் தரும் சுருள்) வாங்க ஓடாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள். மறுநாள் காலை பி0302 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் போகலாம். இந்தச் சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. ரோன் 97 (ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல்) ஊற்றிப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ரோன் 95க்கென்று செய்த எஞ்சினின் காலை உதறலை அதிக ஆக்டேன் தீர்க்காது.

ஸ்கேனரோடு ஊர்ப் பட்டறையைச் சேர்ப்பதே என் தீர்ப்பு. காரை முந்தைய மாலையே பட்டறையில் விட்டுவிட்டு, "காலையில் நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஊர் மெக்கானிக் மறுக்க மாட்டார். ஈப்போவிலும் விட்டு வரலாம். திரும்பி வர இன்னொரு வண்டி வேண்டும்.

ஒன்றில் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். முதல் சில நொடிகள் ஒரு சிலிண்டர் மட்டும் தவறி, பின்னால் இனிப்பு மணத்துடன் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர் நீர் மட்டம் வாரந்தோறும் இறங்கினால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு) வழியாகக் குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். நம் வெப்பத்தில் குளிர்நாட்டைப் போல நீராவி அடர்த்தியாகத் தெரியாது. எனவே தொடர்ந்து வரும் வெள்ளைப் புகையை இங்கே இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரை ஈப்போ வரை ஓட்ட வேண்டாம். இழுவை வண்டிக்குச் சொல்லி, சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்யும் பட்டறைக்கு நேராக அனுப்புங்கள்.