சோஃபியின் உலகம்: ஊட்டி விடுதியில் படிக்க ஏற்றதா?

தத்துவம் படிக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். நார்வே எழுத்தாளர் யொஸ்டைன் கார்டெர் 1991-ல் எழுதிய நாவல், தமிழில் ஆர். சிவகுமார், காலச்சுவடு வெளியீடு. நான் பி.காம். மாணவன், தத்துவம் எனக்குப் பாடமே இல்லை, அதனால் இது முழுக்க வெளியாள் ஒருவனின் கருத்து.

சோஃபி என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு நீ யார், உலகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மொட்டைக் கடிதங்கள் வருகின்றன, அப்புறம் சாக்ரடீஸ், பிளேட்டோ என்று வரிசையாகப் பாடம். முதல் பாதியில் சில இடங்கள் நோட்ஸ் மாதிரிதான் இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெர்க்லி என்ற தத்துவவாதி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கே கதை போடும் குட்டிக்கரணத்தை நான் சொல்லப்போவதில்லை, யாராவது சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது ஜெர்மன் தத்துவவாதி காண்ட் வரும் பகுதி. சோஃபிக்குப் பாடம் நடத்தும் அல்பெர்ட்டோ, அவளைச் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அறையைப் பார்க்கச் சொல்கிறார். எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது, அதற்காக அறையே சிவப்பு என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் கண்ணாடியைக் கழற்றலாம், நம் அறிவு மாட்டிவிட்ட கண்ணாடியைக் கழற்ற வழியில்லை, காலமும் இடமும் காரணகாரியமும்தான் அந்தக் கண்ணாடி, அதன் வழியாகத்தான் எல்லாமே நமக்குத் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு மெஸ்ஸில் ஒருத்தனைப் பிடித்து விளக்கப் போய், என் சப்பாத்தி ஆறிப்போனது. இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் மட்டும் இன்னும் மண்டையில் ஏறவில்லை.

குறை என்றால், இது மேற்கத்தியத் தத்துவத்தின் கதை. ஹியூம் என்ற தத்துவவாதி வரும் இடத்தில் புத்தர் எட்டிப் பார்க்கிறார், இப்படி ஆங்காங்கே குறிப்புகள் உண்டு, ஆனால் நம் நாட்டுத் தத்துவவாதிகளான நாகார்ஜுனருக்கோ சங்கரருக்கோ தனி அத்தியாயம் கிடையாது. பொருள்முதல்வாதம் பேசிய நம் சார்வாகர்களையும், எல்லாம் அணுக்களே என்ற கிரேக்கர் டெமாக்ரிட்டஸையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பஸ்ஸில் படிக்கலாம் என்று எடுத்துப் போகாதீர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வழியில் பர்லியாறு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் தத்துவம் வராது, வாந்திதான் வரும். ஜூலை மழையில் ஜன்னலோரம் வைக்கவும் கூடாது, என் பிரதி ஈரம் குடித்து உப்பி, பக்கமெல்லாம் நெளிந்து, அட்டை மூட மாட்டேன் என்கிறது.

பக்கத்து அறைத் தம்பி இப்போதே கேட்டு வைத்திருக்கிறான். ஹெகல் வரும்போது என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.