ஒரு வருடமா, மூன்று வருடமா? டிரே யங்கும் ஜேலன் பிரன்சனும்

கல்லூரிக் கூடைப்பந்தில் கலக்கும் பாயின்ட் கார்டு (ஆட்டத்தை வழிநடத்தும் வீரர்) எப்போது அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் போகலாம்? 2018 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்த இந்த இருவரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கல்லூரி
யங்: ஓக்லஹோமாவில் ஒரே சீசன். புள்ளிகளிலும் அசிஸ்டிலும் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்) நாட்டிலேயே முதலிடம்.
பிரன்சன்: வில்லனோவாவில் மூன்று சீசன். 2016, 2018 சாம்பியன் பட்டங்கள், கூடவே பட்டப்படிப்பு.

டிராஃப்ட்
யங்: 5ஆவது இடம். முதல் நாளிலிருந்தே பெரிய சம்பளம்.
பிரன்சன்: 33ஆவது இடம், அதாவது இரண்டாம் சுற்று. பெரிய பணத்துக்கு 2022 வரை காத்திருந்தார். அப்போது நியூயார்க் நிக்ஸ் அணி தந்தது 4 வருடத்துக்கு 10.4 கோடி டாலர்.

ஆட்டம்
யங்: வெகுதூரத்திலிருந்தே எறிவார், அது பிறவித் திறமை.
பிரன்சன்: அவர் கால்களைப் பாருங்கள். கூடைக்கு அருகே இரண்டு காலையும் ஊன்றி நிற்பார், திரும்புவார், எறிவதுபோல் தோளை அசைப்பார். தடுப்பவர் துள்ளிய பிறகுதான் பந்து கையை விட்டுப் போகும். ஆறடி இரண்டு அங்குல உயரத்துக்கு இந்தப் பொறுமைதான் ஆயுதம். வில்லனோவா பயிற்சியின் முத்திரை அதில் அப்படியே தெரிகிறது.

முதல் பத்துக்குள் இடம் உறுதி என்றால் யங் வழி சரி. காத்திருந்தால் ஆபத்து, காயம் சொல்லிவிட்டு வராது. இரண்டாம் சுற்று என்று பேச்சு அடிபட்டால், என் ஓட்டு பிரன்சன் வழிக்கே.