விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, ஹைப்பர்-வியா, கேவிஎம்மா?

விண்டோஸ் லேப்டாப்பில் உபுண்டு பழக வேண்டும், அல்லது லினக்ஸ் கணினியில் டேலி மட்டும் ஓட வேண்டும். டிஸ்க்கைப் பிரித்து இரண்டு ஓஎஸ் போடப் பயம் என்றால் விர்ச்சுவல் மெஷின்தான் வழி, அதாவது இருக்கும் ஓஎஸ்ஸுக்குள் ஒரு மென்பொருள் உருவாக்கும் போலிக் கணினி. எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு, உங்கள் கணினியில் இப்போது என்ன ஓடுகிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

முதலில் ரேம். 8 ஜிபி கணினியில் விண்டோஸ் 11-க்குள் இன்னொரு விண்டோஸ் 11 ஓட்ட ஆசைப்படாதீர்கள். உள்ளே இருப்பது குறைந்தது 4 ஜிபி கேட்கும், மிச்சத்தில் பிரவுசர்கூட நிம்மதியாக ஓடாது. லுபுண்டு போன்ற எளிய லினக்ஸை 2 ஜிபியில் சமாளிக்கலாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் எல்லோரும் முதலில் தொடுவது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், இலவசம், படிக்கக் கிடைக்கும் வழிகாட்டிகள் ஏராளம். 2022-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் பாதுகாப்பு அம்சங்களான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் உண்டு, அதனால் விண்டோஸ் 11 முரண்டு பிடிக்காமல் ஏறுகிறது. குறை திரையில்தான். உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸில் நிறுவும் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்ட பிறகும் உபுண்டுவின் ஜன்னல்களை இழுத்தால் கொஞ்சம் திக்கும்.

அப்புறம் அந்த ஆமை. மெஷின் ஓடும் ஜன்னலின் கீழ்ப் பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால், அடியில் மைக்ரோசாஃப்ட்டின் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வி ஓடுகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி மெதுவாகப் போகிறது என்று பொருள். ஹைப்பர்-வியை நீங்கள் தொட்டே இருக்க மாட்டீர்கள். ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருந்தாலோ, விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயங்கினாலோ அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அணைத்தால் வேகம் திரும்பும், பாதுகாப்பு குறையும். பேங்க் வேலையும் பார்க்கும் வீட்டு லேப்டாப்பில் நான் அணைக்க மாட்டேன்.

அந்த நிலையில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவைப் பாருங்கள். ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கியது. பிராட்காம் நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகு 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கும், நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. தரவிறக்க அவர்களிடம் கணக்கு தொடங்க வேண்டும், அது ஒரு அலுப்பு. ஆனால் திரையும் 3டியும் விர்ச்சுவல்பாக்ஸைவிட வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. விண்டோஸில் எனது ஓட்டு இதற்கே. லினக்ஸில் வேண்டாம்: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம், அதோடு இணையும் இதன் துணைப் பகுதிகளை (மாட்யூல்கள்) மறுபடி கட்ட வேண்டியிருக்கும், சில சமயம் கட்டவும் மறுக்கும்.

ஹைப்பர்-வி விண்டோஸ் ப்ரோவில் கூடவே வருகிறது. கடையில் வாங்கும் லேப்டாப் பலவற்றில் இருக்கும் ஹோம் பதிப்பில் அடித்தளம் மட்டுமே உண்டு, மெஷின் உருவாக்கும் கருவிகள் கிடையாது. வேகத்தில் குறையில்லை. ஆனால் யுஎஸ்பி கருவியை உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸிடம் நேரடியாக ஒப்படைக்க இதில் வழி இல்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கனையோ பழைய ஸ்கேனரையோ செருக நினைப்பவர்கள் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

ஹோஸ்ட், அதாவது உங்கள் கணினியின் சொந்த ஓஎஸ், லினக்ஸ் என்றால் யோசிக்கவே தேவையில்லை. லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் 2007 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அதை இயக்கும் ஜன்னலான விர்ட்-மேனேஜர் மட்டும் நிறுவினால் போதும். விண்டோஸ் ஏற்றும்போது ஒரே ஒரு இடத்தில் திகைப்பீர்கள். வேகத்துக்காக டிஸ்க்கின் வகையை விர்ட்ஐஓ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உருவான வேகமான இணைப்பு முறை) என்று வைத்திருந்தால், எங்கே நிறுவுவது என்று கேட்கும் பக்கம் காலியாக இருக்கும். விண்டோஸிடம் அதற்கான டிரைவர் இல்லை. விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை (சிடியின் நகல்) இரண்டாவது சிடியாக முன்பே மாட்டி வைத்து, 'லோட் டிரைவர்' அழுத்தி அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள், டிஸ்க் வந்துவிடும். நெட்வொர்க், திரை டிரைவர்களும் அதே ஐஎஸ்ஓவில்தான் இருக்கின்றன, நிறுவி முடித்ததும் கழற்றிவிடாதீர்கள்.